சிறுநீர்க் குப்பியும் சாப்பாட்டுத் தட்டும்

கர்ப்பிணிக்குப் பசிக்காமல் இருக்க மருத்துவரே மாத்திரை எழுதிக் கொடுத்த காலம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. பேறுகாலத்தில் பெண் எடை போடக்கூடாது என்பது 1950களிலும் 60களிலும் அங்கே மருத்துவ வேதம். 15லிருந்து 20 பவுண்டுக்குமேல் ஏறினால் ரத்தக் கொதிப்பு வரும், வலிப்பு வரும், குழந்தை பெருத்துப் பிரசவம் சிக்கலாகும் என்றெல்லாம் பயமுறுத்தினார்கள். அப்படியும் அடங்காத பசிக்கு டெக்ஸ்ட்ரோ ஆம்ஃபெட்டமின் என்கிற மாத்திரை. இன்று தெருவில் விற்றால் சிறைக்கு அனுப்புகிற 'மெத்' சரக்குக்கு நெருங்கிய உறவு அது. கலிஃபோர்னியாவில் கெய்சர் மருத்துவத் திட்டத்தில் இருந்த தாய்மாரை வைத்துப் பசியடக்கி மாத்திரைகள் பற்றி 1977ல் ஓர் ஆய்வே வந்தது. ஆய்வு செய்கிற அளவுக்கு அத்தனை பேர் தின்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். பேறுகாலத்தின் பிற்பகுதிவரை இதைத் தின்ற தாய்மாரின் குழந்தைகள் சற்று எடை குறைந்து பிறந்ததாக 1983ல் இன்னொரு ஆய்வு சொன்னது.

அந்தத் தாய்மார் ஒருவர்கூடக் கைதாகவில்லை. மருந்துச்சீட்டு எழுதிய மருத்துவர்களும்தான். மாத்திரையின் வேலை பசியைக் கொல்வது, கொன்றது. அவ்வளவுதான்.

இருபது வருஷம் கழித்து அதே நாட்டில், அதேபோலப் பசியைக் கொல்கிற இன்னொரு பொருளைப் புகைத்த கர்ப்பிணிகளைப் பிரசவ வார்டிலிருந்து விலங்கு மாட்டி இழுத்துப் போனார்கள். இடைப்பட்ட காலத்தில் வேதியியல் ஒன்றும் மாறிவிடவில்லை. தின்கிற பெண் மாறினாள், அவளைப் பார்க்கிற கண் மாறியது. போதைக்கும் கர்ப்பிணியின் உணவுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசுகிற யாரும் இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் தொடங்கவேண்டும்.

1. உடலில் நடப்பது

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். போதைப்பொருள் கருவுக்குக் கெடுதல் செய்யாது என்று வாதிடுவது இந்தக் கட்டுரையின் நோக்கமில்லை. செய்கிறது. பெருமளவுக்கு உணவின் வழியாகவே செய்கிறது.

கோகெய்ன், ஆம்ஃபெட்டமின் போன்ற தூண்டிகள் மூளையில் டோபமைன், நார்அட்ரீனலின் அளவைக் கூட்டிப் பசி உணர்வை மழுக்குகின்றன. சாப்பாடு மறந்துபோகிறது. கையிலிருக்கிற காசும் சரக்குக்கே போகிறது. ஹெராயின் வேறு மாதிரி. அது குடலின் அசைவைக் குறைத்து மலச்சிக்கலைத் தருகிறது. கிடைக்காத நாளில் வாந்தியும் பேதியுமாக உள்ளதையும் வெளியே தள்ளுகிறது. சாராயம் ஒரு கிராமுக்கு 7 கலோரி கொடுத்து வயிறு நிறைந்ததாக ஏமாற்றும். அதில் புரதம் கிடையாது, வைட்டமின் கிடையாது. போதாக்குறைக்குத் தயமினையும் ஃபோலிக் அமிலத்தையும் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது, துத்தநாகத்தைச் சிறுநீரில் இழக்கச் செய்கிறது.

அடுத்தது நச்சுக்கொடி. தாய் சாப்பிட்டது குழந்தைக்குப் போகிற ஒரே வாசல் அதுதான். கோகெய்னும் நிக்கோட்டினும் கருப்பையின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. ரத்தம் குறைந்தால் குளுக்கோஸ், அமினோ அமிலம், ஆக்சிஜன் எல்லாமே குறையும். சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதே புகையின் காட்மியம் நச்சுக்கொடியில் தங்கி, குழந்தைக்குப் போகவேண்டிய துத்தநாகத்தை வழிமறிக்கிறது. பிறந்த பிறகும் கதை முடிவதில்லை. ஹெராயின் போன்ற அபினி வகைகளுக்குப் பழகிய வயிற்றிலிருந்து வரும் குழந்தை நடுங்கும், ஓயாமல் அழும், சரியாகச் சப்பத் தெரியாது, குடித்ததைக் கக்கும். மற்றக் குழந்தைகளைவிட அதற்குக் கூடுதல் கலோரி தேவை, உள்ளே போவதோ குறைவு.

இத்தனை வழிகளும் கடைசியில் வந்து சேரும் இடம் ஒன்று: எடை குறைந்த, சின்னத் தலையுள்ள, சில சமயம் நாள் முந்திப் பிறந்த குழந்தை. பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏனென்றால் எந்தப் போதையும் தொடாத வெறும் பசியும் இதே இடத்துக்குத்தான் வந்து சேரும்.

2. பசி தனியாகச் செய்தது

பசி மட்டும் என்ன செய்யும் என்பதற்கு வரலாறு ஒரு குரூரமான சான்றை விட்டுச் சென்றிருக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் ராணுவம் ஹாலந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் அடைத்தது. ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில் தலைக்கு ரேஷன் 1000 கலோரிக்குக் கீழே போய், கடும் மாதங்களில் 400க்கும் 800க்கும் இடையில் நின்றது. 1945 மே மாதம் விடுதலை வந்தது, உணவு வந்தது. தொடக்கமும் முடிவும் தேதியோடு தெரிந்த பஞ்சம் அது. பிரசவப் பதிவேடுகளும் பத்திரமாக இருந்தன.

நிறவெறி ஆட்சியை எதிர்த்துத் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறி நியூயார்க்கில் வேலை செய்த ஜீனா ஸ்டெய்ன், மெர்வின் சஸ்ஸர் தம்பதியர் தம் சகாக்களோடு அந்தப் பதிவேடுகளைத் தோண்டி எடுத்தார்கள். கடைசி மூன்று மாதம் பசியில் கழித்த தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக ஏறத்தாழ 300 கிராம் குறைந்து பிறந்திருந்தார்கள். ராணுவத்துக்கு ஆளெடுக்கும்போது நடந்த சோதனைகளை வைத்து அதே தலைமுறையின் 19 வயது ஆண்களின் அறிவுத்திறனையும் பார்த்தார்கள். கருவில் பட்ட பசியின் தடயம் அங்கே தெரியவில்லை. உடல்நலத்தில் பிற்காலத்தில் வேறு பாதிப்புகள் வெளிப்பட்டன என்பது உண்மை. ஆனால் பிறந்த பிறகு தட்டில் சாப்பாடும் தலைக்குமேல் கூரையும் இருந்தால், கருவில் நடந்தது தலைவிதியாகிவிடுவதில்லை. 1972ல் இந்த முடிவு அச்சில் வந்துவிட்டது. 1980களில் அலறியவர்கள் படிக்க விரும்பியிருந்தால் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

3. 'கிராக் குழந்தை' பிறந்த விதம்

1981ல் ரீகன் ஆட்சிக்கு வந்ததும் ஏழைகளுக்கான உணவுக் கூப்பன், பள்ளி மதிய உணவு இரண்டிலும் கை வைத்தார். தக்காளிச் சட்னி மாதிரியான கெட்சப்பைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கலாமா என்று நாடே சிரித்த விவகாரம் அந்த வருஷத்துச் சங்கதி. பள்ளி உணவுக்கான புதிய விதிமுறை வரைவு கிளப்பிய சர்ச்சை அது. கேலி தாங்காமல் வரைவைத் திரும்பப் பெற்றார்கள், வெட்டிய பணம் திரும்பவில்லை. தொழிற்சாலைகள் மூடிய பெருநகரங்களின் கறுப்பினக் குடியிருப்புகளில் மலிவான கிராக், அதாவது புகைக்கிற கோகெய்ன், வந்து இறங்கியது இந்தச் சூழலில்தான்.

1985ல் சிகாகோ மருத்துவர் ஐரா சாஸ்னோஃபும் சகாக்களும் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். கோகெய்ன் பயன்படுத்திய 23 பெண்கள் பற்றியது. ஆரம்பநிலை எச்சரிக்கை, அவ்வளவுதான் அதன் தகுதி. ஊடகங்கள் அதை ஊதிப் பெருக்கின. இன்குபேட்டரில் நடுங்கும் குழந்தைகளைத் தொலைக்காட்சியில் காட்டிக் 'கிராக் குழந்தைகள்' என்றார்கள். நடுக்கத்துக்குக் குறைமாதப் பிறப்பே காரணமாக இருக்கலாம் என்று அட்லாண்டாவில் கிளேர் கோல்ஸ் போன்றவர்கள் சொன்னது யார் காதிலும் ஏறலை. 1989ல் பத்தி எழுத்தாளர் சார்ல்ஸ் கிரவுத்தாமர் பிறவியிலேயே மூளை கெட்ட ஓர் 'உயிரியல் அடித்தட்டு' உருவாகிறது என்று எழுதினார். அடித்தட்டு என்பது பொருளாதாரச் சொல்லாக இருந்தவரை அதற்கு ஆட்சியாளர்கள் பதில் சொல்லவேண்டியிருந்தது. உயிரியல் சொல்லான பிறகு தாயின் கருப்பை பதில் சொன்னால் போதும். இந்தச் சொல்லாடலின் பயன் இதுதான்.

அறிவியலும் இதில் நடுநிலையாக நிற்கவில்லை. டொராண்டோவில் கிடியன் கோரனும் சகாக்களும் ஒரு குழந்தை மருத்துவ மாநாட்டுக்கு 1980 முதல் 1989 வரை அனுப்பப்பட்ட ஆய்வுச் சுருக்கங்களை எடுத்துப் பார்த்தார்கள். கோகெய்ன் கெடுதல் செய்தது என்று சொன்ன 49ல் 28ஐ ஏற்றுக்கொண்டிருந்தார்கள். கெடுதல் காணவில்லை என்று சொன்ன 9ல் ஒன்றே ஒன்றைத்தான் ஏற்றிருந்தார்கள். இத்தனைக்கும் ஒதுக்கப்பட்டவை ஆய்வுமுறையில் மட்டம் இல்லை, பல விதத்தில் மேலாகவே இருந்தன. எந்த உண்மை மேடை ஏறலாம் என்பதை அதிகாரம் தீர்மானிக்கிறது என்று நாம் கோட்பாடாகப் பேசுவதற்கு இங்கே கணக்கே இருக்கிறது.

அதே 1989ல் பாஸ்டனில் பாரி சுக்கர்மன், டெபோரா ஃபிராங்க் குழுவினர் 1226 தாய்மாரைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வு வெளியானது. எடையைப் பாதிக்கக்கூடிய மற்றக் காரணங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், கோகெய்னின் பங்காக மிஞ்சியது 93 கிராம். சிகரெட் பிடிக்கும் தாயின் குழந்தை சராசரியாகச் சுமார் 200 கிராம் குறைந்து பிறக்கிறது என்பது வெகுநாளாகத் தெரிந்த விஷயம். ஹாலந்துப் பசியின் கணக்கு 300 கிராம். மூன்றும் வெவ்வேறு சூழலில் எடுத்த கணக்குகள்தான், நேருக்கு நேர் நிறுத்தித் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் எதற்கு விலங்கு, எதற்கு விளம்பரப் பலகை, எதற்கு மௌனம் என்று கேட்க இந்த எண்கள் போதும்.

4. சார்ல்ஸ்டன்

1989ல் தெற்கு கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் பொது மருத்துவமனை ஒன்றும் காவல்துறையும் அரசு வழக்கறிஞரும் கைகோத்து ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். சந்தேகத்துக்கிடமான கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதிப்பது, கோகெய்ன் இருந்தால் போலீசுக்குச் சொல்வது. சந்தேகத்துக்கு என்ன அடையாளம்? ஒன்பது அடையாளங்கள் எழுதிவைத்திருந்தார்கள். பேறுகாலப் பரிசோதனைக்கு வராதது ஒன்று. தாமதமாக வந்தது ஒன்று. அரைகுறையாக வந்தது ஒன்று. வெளிப்படையான காரணமில்லாமல் கருவின் வளர்ச்சி குன்றியிருப்பது இன்னொன்று.

இந்தப் பட்டியலைத் திரும்பப் படிக்கவேண்டும். பேருந்துக் கட்டணமும் காப்பீடும் இல்லாத ஏழைப் பெண்தான் பரிசோதனைக்கு வராமல் இருப்பாள். சரியாகச் சாப்பிடாத பெண்ணின் கருதான் வளர்ச்சி குன்றும். வறுமையின் அடையாளங்களே குற்றத்தின் அடையாளங்களாக மாற்றப்பட்டன. வளர்ச்சி குன்றிய கருவைக் கண்ட மருத்துவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, 'என்னம்மா சாப்பிடுறே?' என்பது. அந்தக் கேள்விக்குப் பதிலாக நீட்டப்பட்டது சிறுநீர்க் குப்பி.

கைதான 30 பெண்களில் 29 பேர் கறுப்பினத்தவர். பிரசவித்து ரத்தப்போக்கு நிற்காத நிலையில் கூட்டிப் போகப்பட்டவர்கள் உண்டு. 1994ல் திட்டம் கைவிடப்பட்டது. சம்மதமில்லாமல் போலீசுக்காகச் செய்த இந்தச் சோதனை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001 மார்ச்சில் 6க்கு 3 என்ற கணக்கில் சொன்னது. இடையில் 1997ல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், வெளியே பிழைக்கக்கூடிய அளவு வளர்ந்த கருவும் சட்டப்படி 'குழந்தை'யே என்று தீர்ப்பளித்துத் தாய்மீது வழக்குப் போட வழி திறந்துவிட்டிருந்தது.

கறுப்பினப் பெண்கள்தான் அதிகம் பயன்படுத்தினார்கள், அதனால் அதிகம் மாட்டினார்கள் என்று சொல்வோர் உண்டு. ஃபுளோரிடாவின் பினெல்லாஸ் வட்டாரத்தில் சாஸ்னோஃபே செய்து 1990ல் வெளியிட்ட ஆய்வு அதற்குப் பதில். கர்ப்பிணிகளிடம் போதைப்பொருளின் தடயம் வெள்ளையினத்தவரில் 15.4 சதவீதம், கறுப்பினத்தவரில் 14.1 சதவீதம். அதிகாரிகளுக்குப் புகார் போனதோ கறுப்பினப் பெண்கள்மீது ஏறத்தாழ பத்து மடங்கு.

'சிகிச்சைக்குப் போயிருக்கலாமே?' என்பது அடுத்த கேள்வி. 1989ல் வெண்டி சாவ்கின் நியூயார்க் நகரில் 78 போதை மீட்பு மையங்களை விசாரித்தார். பாதிக்குமேல், 54 சதவீதம், கர்ப்பிணி என்றாலே சேர்க்க மறுத்தன. ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இருக்கும், கிராக் பழக்கமுள்ள கர்ப்பிணியை மறுத்தவை 87 சதவீதம். கதவைச் சாத்திவிட்டு, ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்கிற நியாயம் இது. டோரதி ராபர்ட்ஸ் 1991ல் எழுதிய சட்டக் கட்டுரை இதன் வேரை அடிமை முறை வரைக்கும் கொண்டுபோனது: பிள்ளை பெற்றதற்காகவே கறுப்பினப் பெண் தண்டிக்கப்படுகிறாள் என்று அவர் வாதிட்டார்.

சட்டம் அனுமதித்த போதைகளின் கதையையும் சேர்த்துப் பார்க்கலாம். சிகரெட் பிடிக்கும் தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தைகள் ஏறத்தாழ இருமடங்கு பிறக்கின்றன என்று வின்னி சிம்ப்சன் 1957லேயே எழுதினார். சாராயம் கருவின் முகத்தையும் மூளையையும் வளர்ச்சியையும் நிரந்தரமாகச் சிதைக்கும் என்பதை பிரான்சில் லெமுவான் 1968லும், சியாட்டில் மருத்துவர்கள் ஜோன்ஸும் ஸ்மித்தும் 1973லும் காட்டினார்கள். அதே ஆண்டுகளில் குறைப்பிரசவத்தைத் தடுக்கவென்று கர்ப்பிணிகளின் நரம்பில் ஆல்கஹாலையே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 1967ல் ஃபிரிட்ஸ் ஃபுக்ஸ் சொன்ன சிகிச்சை முறை அது. சாராயக் கம்பெனிக்குக் கிடைத்த தண்டனை, 1989 முதல் பாட்டிலில் ஓர் எச்சரிக்கை வாசகம்.

5. வளர்ந்த குழந்தைகள்

பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் என்ற குழந்தை மருத்துவர் 1989 முதல் 1992 வரை பிறந்த 224 குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு இருபது வருஷத்துக்குமேல் பின்தொடர்ந்தார். பாதிப் பேர் கோகெய்ன் பட்டவர்கள், பாதிப் பேர் படாதவர்கள். எல்லாருமே ஏழை வீட்டுப் பிள்ளைகள். நான்கு வயதில் அறிவுத்திறன் அளவு முதல் குழுவுக்கு 79, இரண்டாம் குழுவுக்கு 81.9. குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதிர்ச்சி வேறு இடத்தில் இருந்தது. இரண்டு குழுவுமே சராசரியைவிட வெகு கீழே. ஏழு வயதுக்குள் இவர்களில் நாலில் மூன்று பங்குக் குழந்தைகள் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருந்தார்கள், மூன்றில் ஒரு பங்கினர் ஒருவர் சுடப்படுவதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். கருவில் பட்ட கோகெய்னைவிட வறுமைக்கு வலு அதிகம் என்ற முடிவுக்கு ஹர்ட் வந்தார்.

டெபோரா ஃபிராங்க் 2001ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டார். புகை, குடி, சூழல் ஆகியவற்றின் பங்கைப் பிரித்துவிட்டால், ஆறு வயதுவரை கோகெய்னுக்கு மட்டுமே உரிய நாசம் என்று சீராக எதையும் காட்ட முடியவில்லை என்பது அவருடைய முடிவு. இவர் 1984லிருந்து பாஸ்டனில் ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கான சிகிச்சை மையம் நடத்தியவர் என்பதைத் தற்செயலாக நான் நினைக்கவில்லை. தினமும் பசித்த குழந்தையைப் பார்க்கிறவருக்குத்தான் பசியைக் காரணப் பட்டியலில் சேர்க்கத் தோன்றும். 2018 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் தானும் சேர்ந்து பரப்பிய பீதி இது என்று தலையங்கத்தில் ஒப்புக்கொண்டது. முப்பது வருஷம் தாமதம்.

6. தட்டைப் பிடுங்கிய சட்டம்

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. 1996ல் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, போதைப்பொருள் தொடர்பான பெருங்குற்றத்தில் தண்டிக்கப்பட்டவருக்கு உணவுக் கூப்பனையும் ரொக்க உதவியையும் ஆயுள் முழுக்கத் தடை செய்தது. வைத்திருந்ததும் இதில் சேர்த்தி. கொலைக் குற்றத்துக்குக்கூட அந்தச் சட்டத்தில் இப்படியொரு தடை கிடையாது. கர்ப்பிணிகளுக்கென்று இதில் விலக்கு வைக்கவில்லை. தாய்சேய் ஊட்டச்சத்துக்கான 'விக்' என்ற தனித் திட்டத்தை மட்டும் அது தொடவில்லை. மாநிலங்கள் விரும்பினால் தளர்த்திக்கொள்ளலாம் என்றார்கள், காலப்போக்கில் பெரும்பாலானவை தளர்த்தின. ஆண்டுக்கணக்கில் முழுத்தடையை விடாமல் பிடித்திருந்த மாநிலம் தெற்கு கரோலினா. ஆமாம், சார்ல்ஸ்டன் இருக்கிற அதே மாநிலம்.

போதை கருவின் உணவைத் திருடுகிறது என்பதுதானே குற்றச்சாட்டு? அந்தக் குற்றத்துக்குத் தண்டனையாக அரசே உணவைத் திருடியது. கருவின்மேல் உண்மையில் அக்கறை இருந்திருந்தால் போதைப் பழக்கமுள்ள தாய்க்குத்தான் கூடுதல் கூப்பன் கொடுத்திருக்கவேண்டும்.

பாடம் கற்றுக்கொண்டார்களா? டென்னசி 2014ல் போதை பயன்படுத்திய தாயைத் தண்டிக்கத் தனிச் சட்டம் போட்டு 2016ல் காலாவதியாக விட்டது. அலபாமா 2006ல் வீட்டில் 'மெத்' காய்ச்சும் இடத்திலிருந்து குழந்தைகளைக் காக்கக் கொண்டுவந்த சட்டத்தைக் கருவுக்கும் நீட்டலாம் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2013ல் சொன்னது. கிராக்கின் இடத்தில் வலிநிவாரணி மாத்திரையும் ஹெராயினும் வந்தபோது ஏழை வெள்ளையினப் பெண்களும் இந்த வலையில் விழுந்தார்கள். ஓர் ஒடுக்கப்பட்ட கூட்டத்தை நோக்கிச் செய்த ஆயுதம் அந்தக் கூட்டத்தோடு நிற்காது.

மாற்று வழி இல்லாமலில்லை. நியூஹேவனில் யேல் குழந்தைகள் மருத்துவமனையில் அபினி வகைகளுக்குப் பழகிப் பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரிக்காமல், அவள் மடியிலேயே வைத்து, பசித்தபோதெல்லாம் பாலூட்டி, சத்தமில்லாத அறையில் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். 2017ல் வெளியிட்ட கணக்குப்படி மருத்துவமனையில் தங்கும் நாள் சராசரி 22.4லிருந்து 5.9 ஆகக் குறைந்தது. மார்ஃபின் தேவைப்பட்ட குழந்தைகள் 98 சதவீதத்திலிருந்து 14 சதவீதம் ஆனார்கள். தாயைக் கைதியாக்கினால் கிடைக்காத மருந்து, தாயைத் தாயாக விட்டதில் கிடைத்தது.

கருவையும் தாயையும் எதிரெதிர்க் கட்சிக்காரர்களாக நிறுத்துகிற எந்தத் திட்டமும், எவ்வளவு அறிவியல் பேசினாலும், முதலில் ஒன்றைச் செய்துவிடுகிறது: அந்தப் பெண் மருத்துவமனைப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்கிறது. வராத பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை இல்லை, எடை பார்ப்பது இல்லை, மெதடோன் இல்லை. கரு மேலும் மெலியும். அந்த மெலிவை எடுத்துக்காட்டி அடுத்த சட்டம் வரும். இந்தச் சுழலை உடைப்பது எங்கே என்று கேட்டால் பதில் எளிது. கர்ப்பிணியின் வாசலுக்கு யார் முதலில் போகிறார்கள், கையில் என்ன எடுத்துப் போகிறார்கள் என்று பார்க்கவேண்டும். தட்டோடு போனால் அவள் கதவைத் திறப்பாள்.